திரைக்குப் பின்னால் என் நாத்தனார்

என் நாத்தனாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்வார். தெருவில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை முனையிலேயே நிற்பார். கதவை யாராவது கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டால் போதும், முகம் வெளிறிவிடும். தட்டியது பால்காரராகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அவர் ஒரே அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் என்றால் என்னென்ன பாடு படுத்துவாரோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அவர் என்னைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அண்ணிதான் அறிவிப்பாளர். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்தார் என்றால், பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொள்வான். வீட்டில் அவர் “உப்பு எடு” என்று கேட்டால் எனக்குக் காதில் விழாது. அதே தொண்டை அங்கே எப்படித்தான் அப்படித் திறக்குமோ! கடைத்தெருவில் அவர் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. “தக்காளி என்ன விலை?” என்று வாயைத் திறந்தால் மட்டும் கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெற்றவள் குரலுக்கு அடுத்தபடி கேட்டு வளர்ந்த குரல் அது.

அதனால்தான் அந்தக் குரலை ராணுவம் கேட்டு வாங்கியது.

போர் முடிந்த வாரம் அது. டிப்போ பேருந்துகளை எல்லாம் நிலையத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஒரு அதிகாரி அறிவிப்பு அறைக்குள் வந்தார். அண்ணியோடு டைம் கீப்பர், இரண்டு கிளார்க்குகள், பெருக்குகிற அம்மா எல்லாரையும் உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஊரிலுள்ள இளவட்டங்கள் எல்லாம் பேருந்து நிலையத்துக்கு வர வேண்டும், சின்ன விசாரணைதான், மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அறிவிக்கச் சொன்னார்கள். அண்ணி அறிவித்தார். பிள்ளைகள் வந்தார்கள். அண்ணியின் மூத்த மகனும் வந்து ஏறினான். பேருந்துகள் திரும்பி வந்தன, பிள்ளைகள் வரவில்லை.

அதற்கப்புறம் ஊரில் பல தாய்மார்கள் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அண்ணி முகாம் முகாமாக அலைந்தார். கொஞ்ச நாளில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, தட்டிய கதவைத் திறந்த இளைய மகளைக் காட்டி மிரட்டிவிட்டுப் போனார்கள். அன்றோடு அலைச்சலும் நின்றது. வேலையை மட்டும் விடவில்லை. “ஏன் அண்ணி, அந்த ரூம்ல எப்படித்தான் உக்காந்திருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “அவன் என்னிக்காவது வந்து இறங்கினா பஸ் ஸ்டாண்டுலதானே இறங்குவான்” என்றார். 

அந்த அதிகாரி இன்று பெரிய பதவியில் இருக்கிறார். ரிப்பன் வெட்டுகிறார், பள்ளிக்கூடங்களில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். உத்தரவு போட்டது அவர்தான் என்று நேரில் பார்த்துச் சொல்ல அந்த அறையில் இருந்தவர்களை விட்டால் ஆளில்லை. டைம் கீப்பர் செத்துப்போனார். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை.

இப்படி இருக்கும்போதுதான் மக்கள் தீர்ப்பாயம் என்று ஒன்று வந்தது. வக்கீலம்மா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கினார். அரசாங்கம் விசாரிக்கவில்லை என்பதால் ஜனங்களே கூடி விசாரிப்பார்களாம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு பேராசிரியை, வெளிநாட்டிலிருந்து ஒரு டாக்டர் மூன்று பேரும் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்டு, யார் குற்றவாளி என்று உலகத்துக்குச் சொல்வார்களாம். “பிடிச்சு ஜெயில்ல போடுவீங்களா?” என்று கேட்டேன். “அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லம்மா” என்றார். பல்லில்லாத கோர்ட் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். பல்லுள்ள கோர்ட்டுகள் மட்டும் இத்தனை வருஷமாக யாரைக் கடித்தன?

அண்ணி சாட்சி சொல்லச் சம்மதிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. திரை போடுவோம், முகம் தெரியாது, குரலை மாற்றிவிடுவோம், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்று வக்கீலம்மா சொன்னார். “குரலை யாரு மாத்துவாங்க?” என்று அண்ணி கேட்டார். வக்கீலம்மா என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஊரில் அவருக்கு டெஸ்டிங் என்று பெயர். தூக்கத்தில் எழுப்பினாலும் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பார். நாடகத்தில் பூதம் பேசுவதற்கென்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். அதற்குள் போய் வந்தால் எந்தக் குரலும் கரகரவென்று மாறிவிடும்.

“என் உசுரு உன் கையிலடா” என்றார் அண்ணி.

“கவலைப்படாதே அக்கா. பெத்த மகளுக்கே உன் குரல் அடையாளம் தெரியாது.”

கல்யாண மண்டபக்காரர்கள் எல்லாம் அந்தத் தேதியில் வெள்ளையடிக்கிறோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் மோட்டார் தொழிலாளர் சங்கம் தன் மாடியைக் கொடுத்தது. கீழே டயர் கடை, மேலே ஒரு நீளமான கூடம். ஜன்னல்களை எல்லாம் சாத்தித் துணி கட்டி, இரண்டு பெரிய மின்விசிறிகளை வைத்தார்கள். அவை போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. எதிர்ச் சாரியில் ஒரு கறுப்பு ஜீப் காலையிலிருந்தே நின்றது. அதில் சாய்ந்து இரண்டு பேர். ஒருவர் கண்ணாடிக்காரர். இன்னொருவர் ஓயாமல் பல் குத்திக்கொண்டு, மாடி ஏறுகிறவர்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தலைநகரத்திலிருந்து வந்தவர்கள் என்று டயர் கடைக்காரர் காதில் ஓதினார். நல்லவேளையாக அண்ணியை விடிவதற்கு முன்பே டயர் கடைப் பின்படி வழியாக மேலே ஏற்றியிருந்தோம்.

அன்று அறிவிப்பு அறையில் இருந்த மற்றவர்கள் எங்கே என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, சாட்சி அவர்களில் யாராகவும் இருக்கலாம் என்பதால், அண்ணி தன்னைப் பற்றிப் பேசும்போதும் வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும் என்று வக்கீலம்மா பழக்கியிருந்தார். “அறிவிச்சேன்னு சொல்லாதீங்க. அந்த அம்மா அறிவிச்சாங்கன்னு சொல்லுங்க.” அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினார். அவர் முறை வந்து திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது அவர் கையைத் தொட்டேன். ஐஸ்போல் இருந்தது. தொண்டை வறண்டு, எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. வெந்நீர் வாங்கிவருகிறேன் என்று நான் கீழே இறங்கினேன்.

டீக்கடையில் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றபோது, தலைக்கு மேலே அண்ணியின் குரல் கேட்டது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தினமும் கேட்கிற குரல்தானே. அடுத்த நொடியில் பாத்திரம் கையை விட்டுப் போய்விட்டது. டயர் கடை முகப்பில் ஒரு குழாய் ஸ்பீக்கர், தெருவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

மைக் செட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே பத்துப் பேர் இருந்தாலும் வெளியே ஒரு குழாயைக் கட்டாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரரும் காலையில் வந்ததும் கை போன போக்கில் வெளியே ஒன்றைக் கட்டிவிட்டார். வக்கீலம்மா வரவேற்புரை பேசியபோது அதில் கேட்டது. தெருவுக்கும் கேட்கட்டும் என்று யாரோ சொல்லவும் செய்தார்கள். சாட்சி பேசும்போது கூடத்துக்குப் போகிற வயரில் மட்டும் பூதப் பெட்டியைக் கவனமாகச் செருகினார். வெளியே போகிற வயரை மறந்தே போனார். நிகழ்ச்சி முடிந்த பிறகு கழற்றுகிற சாமானை நடுவில் கழற்ற அவர் கைக்குத் தெரியவில்லை. மாடியில் பூதம் பேசிக்கொண்டிருந்தது. தெருவில் அண்ணி பேசிக்கொண்டிருந்தார்.

“அந்த அதிகாரி துப்பாக்கியை மேசையில, மைக்குக்குப் பக்கத்துல வச்சார். மரியாதையாத்தான் பேசினார். நாங்க கூப்பிட்டா ஜனங்க பயப்படுவாங்க, நீங்க கூப்பிடுங்கன்னார். அந்த அம்மா கூப்பிட்டாங்க. அவங்க பையனை அவங்களே ஒரு வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தாங்க. எங்கம்மாவே கூப்பிடுதுன்னு அவன் எழுந்து வந்துட்டான். கண்ணாடி வழியா அவன் பஸ் ஏறுறதை அந்த அம்மா பார்த்தாங்க. அதுக்கப்புறமும் அவங்க நிறுத்தலை. நிறுத்தாதேன்னு அவர் சொன்னார். நிறுத்தலை.”

தெரு அப்படியே நின்றுவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார். ஆட்டோக்காரர் ஒருவர் எஞ்சினை அணைத்தார். ஊரெல்லாம் அறிந்த அந்தக் குரல், தன்னையே ‘அந்த அம்மா’ என்று யாரோ போலச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒளித்து வைத்த கதை எனக்கே அன்றுதான் தெரியும். 

கண்ணாடிக்காரர் செல்போனைக் குழாயை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தார். பல்குத்தி எங்கள் பக்கம் வந்தார்.

“யாருய்யா இது பேசுறது?”

“தெரியலீங்களே சார்” என்றார் டீக்கடைக்காரர்.

“உள்ளூர்க்காரன்தானே நீ? குரலை வச்சுச் சொல்லு.”

“ரேடியோ லைன் கலந்து பேசுதுபோல இருக்கு சார்” என்று டயர் கடைக்காரர் குறுக்கே விழுந்தார். அடப்பாவி, உளறினாலும் ஒரு பொருத்தம் வேண்டாமா என்று எனக்கு அந்தப் பயத்திலும் கோபம் வந்தது.

பல்குத்தி அடுத்துப் பழவண்டிக்காரியிடம் போனார்.  அவள் மகனும் அன்று பேருந்தில் ஏறியவன். அண்ணி எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போகிறவள் அவள். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எனக்குக் காது கேக்காதுங்க” என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. படிகளில் ஏறினேனோ பறந்தேனோ தெரியாது. இத்தனை வருஷம் என் வீட்டுக்காரருக்கு வயர் சுற்றிக் கொடுத்தவள்தான் நான். ஆனால் எந்த வயர் எதற்கென்று அந்த நேரத்தில் புத்தியில் படவில்லை. சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கிவிட்டேன். மின்விசிறிகள் நின்றன, விளக்கு போனது, பூதமும் அடங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி பதறி எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து, “வெளியே குழாய்” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

“என்னாச்சு?” என்று திரைக்குப் பின்னாலிருந்து அண்ணி கேட்டார்.

 படித்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நான்தான் திரையை விலக்கி உள்ளே போய்ச் சொன்னேன். “அண்ணி, உங்க சொந்தக் குரல் தெருவுக்குப் போயிருச்சு.”

“எதுவரைக்கும்?”

“எல்லாமே.”

அவர் அழவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார். “பாப்பா எங்கே? பாப்பா எங்கே?” என்று மகளைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்.

பாப்பாவை அன்றே என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். சாயங்காலம் வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைமை. நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால், யார் வரவில்லை என்று கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள். போனால், செல்போனில் பிடித்த குரலோடு ஒத்துப்பார்த்துவிடுவார்கள். வக்கீலம்மா வேறு ஊருக்கு அழைத்துப்போகிறேன் என்றார். “அப்புறம் பாப்பா? தம்பி? இவ? எல்லாரையும் மூட்டை கட்டுவீங்களா?” என்றார் அண்ணி. என் வீட்டுக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்ட வாயெடுத்தேன். அண்ணி என்னைத் தடுத்துவிட்டு, எழுந்து போய் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்தார்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டில் தனியாக இருந்து பயப்படுவதற்கு, அவரோடு சேர்ந்து பயப்படலாம் என்றுதான்.

அறிவிப்பு அறை என்பது மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் கண்ணாடியுமாக ஒரு பெட்டி. கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு சின்ன ஓட்டை. மேசையில் பழைய மைக். அதன் அடியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் பேச்சு வெளியே போகும். விரலை எடுத்தால் நின்றுவிடும். அண்ணி நேரத்தைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து...”

நிலையமே அடங்கியது. கண்டக்டர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று நடந்தது அவர்கள் காதுக்கு வந்திருக்கிறது. மூன்றாம் நடைமேடைத் தூணருகில் அந்த இரண்டு பேரும் நின்றார்கள். கண்ணாடிக்காரர் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பிறகு செல்போனை ஒரு காதில் வைத்துக் கேட்டார். பல்குத்தியிடம் தலையசைத்தார்.

“அண்ணி, வாங்க ஓடிரலாம்” என்றேன். பின்கதவு எங்கே என்று தேடினேன். அந்த அறைக்குப் பின்கதவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“கண்டுபிடிச்சுட்டாங்கடி” என்றார் அண்ணி. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் எடுத்துக் குடித்தார், பாதி மேலெல்லாம் சிந்தியது. பிறகு மறுபடி பொத்தானை அழுத்தினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. போர் முடிந்த வாரம் இந்த நிலையத்திலிருந்து பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் காணவில்லை. மாலைக்குள் திருப்பி அனுப்புவதாகச் சொன்னவர், நான் உட்கார்ந்திருக்கும் இதே மேசையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சொன்னார். நான்தான் அறிவித்தேன். என் மகனும் ஏறினான். பிள்ளைகளை ஏற்றிச் சென்றவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும்.”

ஒரு பேருந்தும் நகரவில்லை. பல்குத்தி மட்டும் நடந்து வந்தார். அவசரமே இல்லை. கடையில் சாமான் வாங்க வருகிறவர்போல வந்து, கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்து, சிரித்த முகத்தோடு, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்குல்ல உங்களுக்கு? பையன் போன பஸ் அதுக்கும் வேணுமா?”

எல்லா நடைமேடைகளிலிருந்தும் அது திரும்பி வந்தது. “பையன் போன பஸ் அதுக்கும் வேணுமா?” கழிப்பறை வாசல் ஸ்பீக்கர்வரை முழங்கியது. தன் குரல்தான் என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அண்ணாந்து பார்த்தார். திரும்பிப் பார்த்தார். பயணிகள், டிரைவர்கள், பெட்டிக்கடைக்காரர்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் குத்துகிற குச்சியைக் கீழே போட்டார். ஜீப் வரைக்கும் அவருக்கு வழிவிட யாரும் விலகவில்லை. இடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து நுழைந்துதான் போக வேண்டியிருந்தது.

அவர்கள் திரும்பி வருவார்கள். அது எங்களுக்குத் தெரியும். ஜீப் கண்ணை விட்டு மறைந்ததும் அண்ணி பக்கம் திரும்பினேன்.

“எல்லாருக்கும் கேட்டுச்சாடி?” என்றார் அண்ணி. அதுவும் ஸ்பீக்கரில் போனது.

“கேட்டுச்சு அண்ணி. கையை எடுங்க.”

எடுக்க முடியவில்லை. பொத்தானின்மேல் கட்டைவிரல் வெளுத்து விறைத்துப்போயிருந்தது. நான்தான் மெல்லப் பிடித்து அந்த விரலை விலக்கிவிட்டேன்.